தடுப்பூசிக்குப் பிறகு அரை மணி நேரம்

தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். அம்பத்தூரோ ஆவடியோ பூந்தமல்லியோ, அன்றைக்குக் காலையில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் கைக்குழந்தைகளின் அழுகைச் சத்தம் வாசலிலேயே கேட்கும். ஊசி போட்டு முடித்ததும் சிஸ்டர் வழக்கமாகச் சில விஷயங்கள் சொல்வார். என்ன ஊசி போட்டிருக்கு, காய்ச்சல் வந்தா என்ன செய்யணும், அடுத்து எப்ப வரணும், அட்டையைப் பத்திரமா வச்சுக்கோங்க. கடைசியாக, "உடனே கிளம்பிடாதீங்கம்மா, அரை மணி நேரம் உக்காந்துட்டுப் போங்க." ஊசியால் ஏதாவது ஒவ்வாமை வந்தால் அங்கேயே கவனித்துவிடலாம் என்பதற்காக இந்தக் காத்திருப்பு.

அந்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். பால் கொடுப்பார்கள். தோளில் போட்டுத் தட்டுவார்கள். அப்புறமும் அழுகை நிற்கவில்லை என்றால் செல்போன் வெளியே வரும். சாயங்காலம் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்காரும் தனியார் கிளினிக்கிலும் இதே காட்சிதான். அங்கே சுவரில் டிவியும் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த நேரத்தில் அந்தக் குழந்தையின் கையில் ஒரு கெட்டி அட்டைப் படப் புத்தகத்தைக் கொடுத்து, வீட்டுக்கும் எடுத்துப்போகச் சொன்னால் என்ன? கேட்டவுடன் யாருக்கும் பிடித்துப்போகிற யோசனை. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் இதற்குள் ஒரு கரடுமுரடான அறக் கேள்வி இருக்கிறது. ஒரு அம்மா தன் குழந்தையிடம் எப்படிப் பேச வேண்டும், மடியில் வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதற்கு வெள்ளைக் கோட்டுப் போட்டவருக்கு என்ன உரிமை? அப்படி ஒரு உரிமை உண்டென்றால், அது எங்கிருந்து வருகிறது, எங்கே முடிகிறது?

*

முதலில் இந்த யோசனை பிறந்த இடத்தைப் பார்த்துவிடுவோம். 1989-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் பேரி ஜக்கர்மன், ராபர்ட் நீடில்மன் என்ற இரண்டு குழந்தை மருத்துவர்களும், கேத்லீன் ஃபிட்ஜெரால்ட் ரைஸ் என்ற கல்வியாளரும் சேர்ந்து ‘ரீச் அவுட் அண்ட் ரீட்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். அது பெரும்பாலும் ஏழைகள் வருகிற மருத்துவமனை. காத்திருப்பு அறையில் குழந்தைகளுக்காகப் புத்தகங்கள் வைத்தார்கள். அவை காணாமல் போய்க்கொண்டே இருந்தன என்று சொல்வார்கள். சாதாரணமாக ஒரு நிர்வாகம் என்ன செய்யும்? புத்தகத்தைச் சங்கிலியில் கட்டும், இல்லையென்றால் அலமாரியைப் பூட்டும். இவர்களோ, எடுத்துப்போகிறார்கள் என்றால் வீட்டில் தேவைப்படுகிறது என்று புரிந்துகொண்டார்கள். கொடுத்தே அனுப்பலாம் என்று முடிவானது.

அதன் செய்முறை எளிமையானது. 6 மாதத்திலிருந்து 5 வயது வரை, வழக்கமான பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் குழந்தையின் வயதுக்கேற்ற ஒரு புதுப் புத்தகம். அதை டாக்டரே குழந்தையின் கையில் கொடுப்பார். கிளம்பும்போது கொடுக்கும் பரிசாக இல்லாமல், பரிசோதனையின் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டுக் கவனிப்பார். 6 மாதக் குழந்தை அதை வாயில் வைக்கும். ஒரு வயதுக் குழந்தை கெட்டிப் பக்கத்தைப் புரட்டப் பார்க்கும், படத்தைத் தொட்டுக் காட்டும். 2 வயதுக் குழந்தை நாயைப் பார்த்து ‘தோ தோ’ என்னும். கை எப்படிப் பிடிக்கிறது, கண் எங்கே போகிறது, பேச்சு வந்திருக்கிறதா, அம்மா பக்கம் திரும்பிப் பார்க்கிறதா என்று எல்லாமே அந்தச் சில நொடிகளில் டாக்டருக்குத் தெரிந்துவிடும். ஸ்டெதாஸ்கோப் மாதிரி புத்தகமும் ஒரு கருவியாகிவிடுகிறது.

இந்த யோசனை பரவியது. 1992-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் 300 குழந்தைகளோடு ‘புக்ஸ்டார்ட்’ தொடங்கியது. அங்கே டாக்டருக்குப் பதிலாக, குழந்தையின் உடல்நலத்தைப் பார்க்க வருகிற சுகாதாரப் பணியாளர்கள் வழியாகப் புத்தகப் பை போனது. 1999-இல் இத்தாலியில் குழந்தை மருத்துவர்களும் நூலகர்களும் கைகோத்தார்கள். 2014-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், சின்ன வயதிலிருந்தே குழந்தைக்கு வாசித்துக் காட்டச் சொல்வது குழந்தை மருத்துவரின் அடிப்படை வேலைகளில் ஒன்று என்று கொள்கையாகவே அறிவித்தது.

பாஸ்டன் குழுவினர் 1991-இல் வெளியிட்ட முதல் ஆய்வில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. புத்தகம் பெற்ற குடும்பங்களில் வாசித்துக் காட்டும் பழக்கம் கூடியிருந்தது. அரசின் உதவித்தொகையை நம்பி வாழ்ந்த குடும்பங்களில் இந்த மாற்றம் இன்னும் அதிகமாகத் தெரிந்தது. ‘அவங்களுக்கெல்லாம் புக்கு குடுத்து என்ன ஆகப்போகுது’ என்று எந்த வீட்டைப் பார்த்துச் சொல்வார்களோ, அந்த வீட்டில்தான் அதிகம் ஆகியிருக்கிறது.

*

இப்போது இதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து அம்பத்தூரில் வைத்துப் பார்ப்போம். ஒரு அம்மாவைக் கற்பனை செய்துகொள்ளலாம். எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. குழந்தைக்கு ஒன்பது மாதம். மாமியார் ஊரில். பகலில் குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போகிறார். புதன்கிழமை அரை நாள் லீவு போட்டால் அந்த மாதத்து அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும் என்ற கணக்கு மனதில் ஓடுகிறது. இவரிடம் டாக்டரோ சிஸ்டரோ சொல்கிறார்: "தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. கேழ்வரகுக் கூழ் குடுங்க. போன் காட்டாதீங்க. கொழந்தைகிட்ட நெறைய பேசுங்க. தெனமும் புக்கு படிச்சுக் காட்டுங்க."

ஒவ்வொன்றும் நல்ல அறிவுரை. ஒன்றைக்கூடத் தவறு என்று சொல்ல முடியாது. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றுதான் இந்தியக் குழந்தை மருத்துவச் சங்கமும் சொல்கிறது. ஆனால் எல்லாம் சேர்ந்து அந்த அம்மாவின் தலையில் என்னவாக இறங்குகிறது? இதுவரை சோறு ஊட்டவில்லை, தூங்க வைக்கவில்லை என்ற குறைகள் இருந்தன. இப்போது வாசித்துக் காட்டவில்லை என்ற குறையும் சேர்ந்துகொண்டது. நாளைக்கு அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் திணறினால், ‘சின்ன வயசுலயே சொன்னோம், நீங்கதான் செய்யல’ என்று சொல்ல ஒரு காரணம் தயார்.

அறிவுரையின் கணக்கு இப்படித்தான் வேலை செய்கிறது. சொல்பவருக்கு ஒரு பைசா செலவில்லை. கேட்பவருக்கு நேரம், காசு, தெம்பு எல்லாம் செலவு. செய்ய முடியாமல் போனால் பழியும் கேட்டவர் பக்கம்தான்.

இது வெறும் பயமில்லை, ஏற்கனவே நடந்த ஒன்று. 1995-இல் அமெரிக்காவில் ஹார்ட், ரிஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் கான்சாஸ் பகுதியில் 42 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து ஒரு புத்தகம் எழுதினார்கள். ஏழை வீட்டுக் குழந்தை நாலு வயதுக்குள் வசதியான வீட்டுக் குழந்தையைவிட 3 கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்பது அதிலிருந்து புறப்பட்ட கணக்கு. 42 குடும்பத்திலிருந்து வந்த எண் உலகமெல்லாம் சுற்றியது. ஏழை அம்மாக்கள் பேசுவதில்லை, அதனால்தான் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்று அது சுருங்கிப்போனது. பிறகு 2018-இல் டக்ளஸ் ஸ்பெரியும் உடன் ஆய்வாளர்களும் வேறு சில சமூகங்களில் எண்ணிப் பார்த்தபோது அந்த அளவு இடைவெளி கிடைக்கவில்லை. அம்மா மட்டுமே பேசுகிற பேச்சை எண்ணுவதா, பாட்டி, அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர் என்று குழந்தையின் காதில் விழுகிற எல்லாப் பேச்சையும் எண்ணுவதா என்பதிலேயே கணக்கு மாறிவிடுகிறது. பட்டரவாக்கத்தில் ஒரு காம்பவுண்டுக்குள் ஆறு குடித்தனம் இருக்கிற வீட்டில் வளர்கிற குழந்தையின் காதில் விழுகிற பேச்சை எண்ணி முடிக்க ஆள் தேறுமா?

ஆக, மருத்துவர் ‘வாசித்துக் காட்டுங்கள்’ என்று சொல்வதில் ஒரு ஆபத்து இருக்கிறது. இல்லாமை ஒரு வீட்டுக்குள் புகுந்ததற்கு அந்த வீட்டுப் பெண்ணையே பொறுப்பாக்கிவிடுகிற ஆபத்து. அப்படியானால் டாக்டர் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் நல்லதா?

*

இந்தக் கேள்விக்கு விடை நம் ஊர் வரலாற்றிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. சமதர்மப் பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று நேருவின் கட்சி தீர்மானம் போட்டது இந்த ஆவடியில்தான். அப்போது முதலமைச்சர் காமராஜர். தீர்மானம் என்பது ஒரு வகையில் அறிவுரை மாதிரிதான். எழுதி வாசித்துக் கைதட்டிவிட்டுப் போகலாம். அடுத்த சில ஆண்டுகளில் காமராஜர் செய்தது வேறு. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்று ஏழைப் பெற்றோரிடம் எத்தனை தடவை சொன்னாலும், வயிற்றுக்கு வழி இல்லாதபோது அந்தச் சொல்லுக்கு மரியாதை இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சோறு போட்டார்.

அவர் முதல் ஆள் இல்லை. 1920-லேயே சென்னை மாநகராட்சியில் பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்குப் பள்ளியில் உணவு கொடுத்திருக்கிறார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோது, பள்ளிக்கு இன்னும் போகாத 2 வயதுக் குழந்தையையும் சேர்த்துக்கொண்டார். 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. நூறு வருடமாக இந்த மண் ஒரே பாடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறது. ஒரு ஏழையிடம் ‘இதைச் செய்’ என்று சொல்வதற்கு முன்னால், அதைச் செய்வதற்குத் தேவையானதை அவர் கையில் கொடு.

தடுப்பூசியின் கதையும் அதுதான். போலியோ சொட்டு மருந்து போட்டுக்கொள்வது நல்லது என்று ரேடியோவில் சொல்லிவிட்டு அரசு சும்மா இருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில், ரயில் நிலையத்தில், கட்டட வேலை நடக்கிற இடத்தில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் நின்றது. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழ் வந்தது என்றால், அறிவுரை மட்டும் அதைச் சாதிக்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் இன்னொரு சின்ன விவரம் எனக்கு உறுத்துகிறது. 2015-இல் தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளில் பிறக்கிற குழந்தைகளுக்கு ஒரு பரிசுப் பெட்டகம் கொடுக்க ஆரம்பித்தது. மொத்தம் 16 பொருள்கள். துண்டு, சட்டை, படுக்கை, கொசுவலை, எண்ணெய், ஷாம்பு, சோப்பு, சோப்பு டப்பா, நகவெட்டி, அம்மாவுக்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் வரைக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பொறுமையாக யோசித்திருக்கிறார். கிலுகிலுப்பை இருந்தது, பொம்மை இருந்தது. அதாவது குழந்தைக்கு உடம்பு மட்டும் இல்லை, விளையாட்டும் வேண்டும் என்று அரசுக்குத் தெரிந்திருந்தது. 17-ஆவது பொருளாக ஒரு படப் புத்தகம் வைக்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை. புத்தகம் என்றால் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம் என்றால் கல்வித் துறை, அது வேறு ஃபைல். குழந்தையோ ஐந்து வயது வரைக்கும் சுகாதாரத் துறையின் கண்ணில்தான் அதிகம் படுகிறது.

எனவே என் முதல் முடிவு இது. புத்தகத்தைக் கையில் கொடுக்கிற மருத்துவருக்கு ‘இதைக் காட்டிப் பேசுங்க’ என்று சொல்ல உரிமை உண்டு. கொடுக்காமல் சொல்வதற்கு உரிமை கிடையாது. இலவசம் கொடுத்தே ஜனங்களைக் கெடுத்துவிட்டார்கள் என்று புலம்புகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்கலாம். இலவசமாகக் கிடைப்பதிலேயே மலிவானது அறிவுரைதான். அதை வாரி வழங்கும்போது யாரும் கணக்குக் கேட்பதில்லை.

*

இதற்கு எதிராகச் சில நியாயமான வாதங்கள் உண்டு. முதலாவது, பாட்டி கதை சொல்லி, தாலாட்டுப் பாடி, நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டி வளர்ந்த சமூகத்துக்குப் பாஸ்டன்காரர் வந்து புத்தகம் கொடுத்துப் பேசச் சொல்லித்தர வேண்டுமா?

தேவையில்லை. கதை சொல்கிற பாட்டி மடியில் இருக்கிற குழந்தைக்குப் புத்தகம் கொஞ்சம் தாமதமாகக் கிடைத்தாலும் ஒன்றும் குறைந்துபோகாது. ஆனால் அந்தப் பாட்டி இப்போது திருவண்ணாமலையிலோ ஒடிசாவிலோ இருக்கிறார். பத்துக்குப் பத்து அறையில் அம்மாவும் அப்பாவும் ஷிஃப்ட் மாற்றி வந்து படுக்கிறார்கள். பாட்டி இருந்த இடம் காலியாக இல்லை, அங்கே செல்போன் உட்கார்ந்திருக்கிறது. போன் குழந்தையிடம் பேசும், ஆனால் குழந்தை சொல்வதற்குப் பதில் சொல்லாது. படப் புத்தகம் பேசவே பேசாது. அதனாலேயே பக்கத்தில் இருக்கிறவர் வாயைத் திறந்தாக வேண்டும். புத்தகத்தின் பலமே அந்த ஊமைத்தனம்தான். பாட்டியின் இடத்தை அது பிடிப்பதில்லை, களைத்து வந்த அப்பாவுக்குப் பேச ஒரு சாக்கைக் கொடுக்கிறது.

இரண்டாவது வாதம் கனமானது. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ எழுத்து தெரியாது என்றால்? புத்தகத்தைக் கையில் கொடுத்து அவமானப்படுத்துவதாகாதா?

இங்கே நம் மொழி ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறது. தமிழில் ‘படி’ என்ற ஒரே சொல்தான் வாசிப்பதற்கும் கல்வி கற்பதற்கும். ‘பையன் படிக்கிறானா?’ என்று கேட்டால் கதைப் புத்தகம் வாசிக்கிறானா என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ‘நான் படிக்கல சார்’ என்று ஒருவர் சொல்லும்போது அதில் ஒரு வாழ்நாளின் கூச்சம் இருக்கிறது. அவரிடம் போய் ‘கொழந்தைக்குப் படிச்சுக் காட்டுங்க’ என்றால் அவர் காதில் விழுவது வகுப்பறை, பிரம்பு, பாதியில் நின்ற ஆறாங்கிளாஸ். வாசிப்பு என்ற சொல்லோ நம்மைப் போன்ற இலக்கியப் பத்திரிகைக்காரர்களின் சொல். சுகாதார நிலையத்தில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "இந்தப் புக்குல இருக்குற படத்தைக் காட்டிப் பேசுங்க." படத்தைப் பார்த்துப் பேச எழுத்து தேவையில்லை. சொல்லே இல்லாத படப் புத்தகங்களும் இருக்கின்றன. ஒன்பது மாதக் குழந்தைக்கு எழுத்து தெரியாது. எழுத்து தெரியாத இரண்டு பேர் ஒரு யானையைப் பார்த்துப் பேசிக்கொள்ளலாம், ஒருத்தரும் தோற்றுப்போவதில்லை. பார்வை இல்லாத அம்மா என்றால் தொட்டுப் பார்க்கிற புத்தகம் வேண்டும். ப்ரெய்ல் அச்சகம் இருக்கிற பூந்தமல்லிக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

எழுத்து தெரிந்த வீட்டிலும் இன்னொரு சிக்கல் உண்டு. நம் குழந்தைப் புத்தகங்களில் ‘யானை குளித்துக்கொண்டிருந்தது’ என்று இருக்கும். எந்த அம்மாவும் ஒரு வயதுப் பிள்ளையிடம் அப்படிப் பேசமாட்டார். ‘ஆனை குளிக்குது பாரு’ என்பார். எதைச் சொல்வது? வாய்க்கு வந்ததைச் சொல்லலாம் என்பது என் கட்சி. இன்றைக்கு ‘குளிக்குது’ என்று சொல்லலாம், நாளைக்கு ‘குளித்துக்கொண்டிருந்தது’ என்று ராகம் போட்டு வாசிக்கலாம். எழுத்துத் தமிழை மிஸ்ஸின் குரலில் முதன்முதலாகக் கேட்கிற பிள்ளைக்கு அது யாரோ அந்நியரின் பாஷை. அதே தமிழை மடியில் இருந்தபோதே கேட்ட பிள்ளைக்கு அது வீட்டுக்கு எப்போதாவது வந்துபோகிற சித்தப்பா மாதிரி. பெரிய அந்நியம் இருக்காது.

வீட்டில் தமிழே பேசாதவர்களும் இந்தப் பகுதியில் நிறைய. திருவள்ளூர் மாவட்டத்தில் தெலுங்கு புதிதில்லை. எஸ்டேட்டுகளிலும் கட்டட வேலையிலும் ஒடியா, இந்தி, வங்காளி பேசுகிற குடும்பங்கள். படப் புத்தகம் இவர்கள் எல்லோருக்கும் அவரவர் மொழியில் பேச இடம் கொடுக்கிறது. சென்னையின் தூலிகா 1996-இலிருந்து பல மொழிகளிலும் இருமொழிகளிலும் குழந்தைப் புத்தகங்கள் போடுகிறது. பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் இந்திய மொழிக் கதைகளை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம். புத்தகமே இல்லை என்று சொல்ல வழியில்லை.

மூன்றாவது வாதம்: ரத்தசோகை இருக்கிறது, எடைக் குறைவு இருக்கிறது, ஒரு டாக்டருக்கு ஒரு குழந்தைக்கு மூன்று நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. இதில் புத்தகம் வேறயா? நேரத்தைப் பற்றிய கவலை நியாயம்தான். பாஸ்டனில் உடம்பு நன்றாக இருக்கும்போதும் பரிசோதனைக்குப் போகிறார்கள். இங்கே காய்ச்சல் வந்தால் போகிறோம், இல்லை ஊசி போடப் போகிறோம். அதனால் நமக்கு வாய்த்த நேரம் டாக்டரின் மூன்று நிமிடம் கிடையாது, ஊசிக்குப் பிறகான அரை மணி நேரம். 9 மாதத்தில் ஒரு தடவை, 16-லிருந்து 24 மாதத்துக்குள் ஒரு தடவை, 5 வயதில் ஒரு தடவை என்று தேசியத் தடுப்பூசி அட்டவணையே நாள் குறித்துக் கொடுத்திருக்கிறது. அழுத பிள்ளையைச் சமாதானப்படுத்த வேண்டிய தேவையும் அப்போது இருக்கிறது. ரத்தசோகையா புத்தகமா என்ற போட்டியைப் பொறுத்தவரை, வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகக் கிடைக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளையிடம் மட்டும் ஏன் வரிசையில் நிற்கச் சொல்கிறோம்?

*

இதுவரை சொன்னது ஏற்கக்கூடியது என்றால், அடுத்து நடக்கப்போவதையும் யூகிக்கலாம். நல்ல திட்டம் ஒன்று வந்துவிட்டால் அதன் பின்னாலேயே ஒரு ரிஜிஸ்டர் வந்துவிடும். எத்தனை புத்தகம் கொடுத்தீர்கள், எத்தனை தாய்மார்கள் வாசித்தார்கள், வாரத்துக்கு எத்தனை நாள், ஆப்பில் பதிவேற்றுங்கள். சிஸ்டரின் தலையில் இன்னொரு படிவம். அடுத்த தடவை வரும்போது அந்த அம்மாவிடம், "புக்கு படிச்சீங்களா?" அவர் ‘ஆமா’ என்று பொய் சொல்வார். அந்த நிமிடத்திலேயே அது வீட்டுப்பாடம் ஆகிவிடுகிறது.

தடுப்பூசியில் நாம் கணக்குக் கேட்கிறோமே என்று சொல்லலாம். முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் உதவித்தொகை தவணையாக வருகிறது, குழந்தைக்கு ஊசி போட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அது நியாயமா என்றால், பெரும்பாலும் நியாயம் என்பேன். என் குழந்தைக்கு அம்மை ஊசி போடவில்லை என்றால் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் ஆபத்து. அங்கே ஊருக்கு என்னைக் கேட்க உரிமை இருக்கிறது. ஆனால் நான் என் மகளுக்கு நேற்று ராத்திரி முயல் கதை காட்டவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்கு எந்தத் தொற்றும் வராது. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. ஊசியின் வேலை சிஸ்டரின் கையோடு முடிந்துவிடுகிறது. அம்மா சிரித்தாலும் அழுதாலும் மருந்து மருந்துதான். புத்தகத்தின் வேலை அவர்கள் வாசலைத் தாண்டிய பிறகுதான் தொடங்குகிறது, அதுவும் இரண்டு பேருக்கும் பிடித்திருந்தால் மட்டும். கட்டாயப்படுத்திய பிரியத்துக்கு மருத்துவப் பயன் எதுவும் கிடையாது. ஆகவே என் இரண்டாவது முடிவு: கொடுத்த பிறகு, அந்த வீட்டில் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று துருவ யாருக்கும் உரிமை இல்லை. எத்தனை புத்தகம் வாங்கினார்கள், ஒழுங்காகக் கொடுத்தார்களா என்று அரசிடம் கணக்குக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். திட்டத்தால் பயன் உண்டா என்று ஆய்வாளர்கள் விருப்பமுள்ளவர்களிடம் கேட்டு ஆராயட்டும். ஊசி போடுகிற கை அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம்.

இதோடு சேர்ந்த எச்சரிக்கை ஒன்றும் உண்டு. நம் புறநகர்களில் எல்.கே.ஜி. அட்மிஷன் ஒரு திருவிழா மாதிரி. ‘ஒன்பது மாசத்துலயே புக்கு குடுத்தா மூளை வளரும், இங்கிலீஷ் சீக்கிரம் வரும்’ என்று யாராவது ஆரம்பித்தால் ஆறு மாதத்துக்குள் அதற்கும் ஒரு கோச்சிங் சென்டர் வந்துவிடும். பால் மாவு கம்பெனிகள் மருத்துவமனை வழியாக அம்மாக்களைப் பிடித்ததால்தான் 1992-இல் அதைத் தடுக்கச் சட்டம் போட வேண்டிவந்தது. காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருப்பவர் பயந்த நிலையில் இருப்பவர், சொன்னதை நம்பக்கூடியவர். அந்தச் சுவரில் எதை ஒட்டலாம், எதை விற்கலாம் என்பதில் கண்டிப்பு வேண்டும். அங்கே வருகிற புத்தகத்தில் எந்தப் பள்ளியின் விளம்பரமும், எந்தத் தலைவரின் படமும் இருக்கக்கூடாது.

*

பணம் எங்கிருந்து வரும் என்பது கடைசிக் கேள்வி. இதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அந்தச் சட்டத்தின் வழியில்தான் இன்றைக்கும் நாம் கட்டுகிற சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறது. ரூபாய்க்கு 10 காசு. ஆவடியில் வீட்டுக்காரர் கட்டுகிறார் என்றால், அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிற தையல்காரப் பெண்ணும் வாடகை வழியாகக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்றுதான் பொருள். கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று அழகான பகுதி இருக்கிறது. ஒன்பது மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பட்டாபிராமிலிருந்து பஸ் மாறி மாறி அங்கே போய்வருவதற்கு அவருக்கு ஒரு நாள் சம்பளம் போகும்.

ரங்கநாதன் 1931-இல் தன் ஐந்து விதிகளை வெளியிட்டார். அவற்றின் சாரம், வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய புத்தகம் அவரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதுதான். அதே வருடம் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் ஓட்டினார். ஜனங்கள் நூலகத்துக்கு வர முடியவில்லை என்று தெரிந்ததும், வரச் சொல்லி அறிவுரை கூறாமல் வண்டியைப் பூட்டினார்கள். ஏறத்தாழ நூறு வருடம் கழித்து நமக்கு மாடுகூடத் தேவையில்லை. ஆவடியில் குழந்தையோடு அம்மாக்கள் எந்தக் கிழமை, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு வருவார்கள் என்பது அரசுக்கே தெரியும். அதே ஊரில் கிளை நூலகங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைக் கடக்க ஒரு அட்டைப்பெட்டியும் ஒரு அரசாணையும் போதும்.

அது வரும்வரை சின்ன அளவில் செய்துபார்க்க யாரும் தடை சொல்லப்போவதில்லை. சாயங்காலக் கிளினிக் நடத்துகிற ஒரு டாக்டர், மருந்து கம்பெனிகள் கொடுக்கிற காலண்டரை எடுத்துவிட்டு பத்து கெட்டி அட்டைப் புத்தகம் வைக்கலாம். தொலைந்துபோனால் போகட்டும், பாஸ்டனில் அப்படித்தான் ஆரம்பித்தது. இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு இன்னும் குழந்தை இருக்காது, அக்கா பிள்ளை இருக்கும். ஊசி போடக் கூட்டிப்போகும்போது பையில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கிற குழந்தை எட்டிப் பார்த்தால் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஒன்பதாம் மாதத்து ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவில் ஏழு மாதமாவது இருக்கும். அந்த ஏழு மாதத்தில் முதல் புத்தகத்தின் மூலைகள் கடிபட்டிருக்கும், முயலின் காது கிழிந்திருக்கும், இல்லை புத்தகமே அலமாரிக்கு மேல் பத்திரமாக ஏறி உட்கார்ந்திருக்கும். எதுவாக இருந்தாலும் சரி. அந்த அம்மா திரும்பி வரும்போது சிஸ்டர் செய்ய வேண்டியது, முதல் புத்தகம் என்ன ஆச்சு என்று கேட்காமல் இரண்டாவதைக் கொடுப்பது.